தீட்டுக்கு மட்டும் பங்காளி

லாபம் பங்குதாரருக்கு, சம்பளம் தொழிலாளிக்கு, வரி அரசுக்கு. எண்ணெய்ப் படலமும் அமோனியா நெடியும் எண்ணூர்க் குப்பங்களுக்கு. வடசென்னைத் தொழில் வட்டாரத்தில் யாருடைய இலக்கை யார் தீர்மானிக்கிறார்கள்?

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் கரையைக் கடந்து சில நாட்கள் ஆகியிருந்தன. எண்ணூர் முகத்துவாரத்தில் பைபர் படகுகள் ஆற்றில்தான் நின்றன, ஆனால் ஒன்றிலும் வலை இல்லை. வலை இருக்க வேண்டிய இடத்தில் வாளி, பிளாஸ்டிக் பீப்பாய், வீட்டுக் குளியலறையிலிருந்து எடுத்துவந்த மக். படகின் விளிம்பில் குனிந்து உட்கார்ந்தவர்கள் தண்ணீரின் மேலே மிதந்த கறுப்புக் கூழை மக்கால் மொண்டு பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் சில நாட்களில் பலருக்குக் கையுறைகூட இல்லை. முழங்கைவரை எண்ணெய், சட்டையில் எண்ணெய், படகின் அடிவயிறு முழுக்கத் தார் பூசியதுபோல ஒரு பட்டை. இறக்கை ஒட்டிக்கொண்ட கூழைக்கடாக்கள் பறக்க முடியாமல் நின்றன. ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை சில கிலோமீட்டர் தொலைவில் இருக்க, அந்த வட்டாரத்தில் எண்ணெயை அள்ள முதலில் கிடைத்த கருவி குளியலறை மக்.

காயம் ஆறுவதற்குள் அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவை ஒட்டி அடுத்தது. கப்பலில் வரும் திரவ அமோனியாவை ஆலைக்குக் கொண்டுசெல்லும் கடலடிக் குழாயை, சரக்கு இறக்குவதற்கு முன் குளிரூட்டிக்கொண்டிருந்தபோது கசிவு ஏற்பட்டது. கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் குழாய் அது. பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி எழுந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள்.

ஒரே மாதம், ஒரே கடற்கரை, இரண்டு நிறுவனங்கள். ஒன்று பொதுத்துறை, மற்றது தனியார். ஒன்றில் மழைவெள்ளம், மற்றதில் குழாய். காரணங்கள் வேறானாலும் விபத்து நடந்த பிறகு தெரியவந்த உண்மை ஒன்றே. இந்த ஆலைகள் எதற்காக ஓடுகின்றன, எவ்வளவு வேகமாக ஓடலாம், எந்த அபாயத்தை ஏற்கலாம் என்று முடிவெடுக்கும் எந்த இடத்திலும் அந்தக் குப்பங்களுக்கு இடம் கிடையாது. ஆலையின் லாபநட்டக் கணக்கில் அவர்கள் பெயர் முதன்முதலாக ஏறுவது நிவாரணப் பட்டியலில்தான்.

ஒரு ஆலை, ஆறு கணக்கு

ஒரு நிறுவனத்தைச் சுற்றி எத்தனை பேருடைய நலன் பின்னிக் கிடக்கிறது என்பதற்கு மணலி சுத்திகரிப்பு ஆலையே நல்ல பாடம். 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில், இந்திய அரசும் அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கியது. 1969-ல் உற்பத்தி ஆரம்பித்தபோது திறன் ஆண்டுக்கு 25 லட்சம் டன். இன்று அது சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன், சுருக்கமாக சி.பி.சி.எல். பாதிக்கு மேற்பட்ட பங்கு இந்தியன் ஆயிலிடம் இருக்கிறது. ஈரானிய நிறுவனத்தின் வாரிசுப் பங்கு இன்னமும் தொடர்கிறது. மீதி, பங்குச்சந்தையில் வாங்கி விற்கும் ஆயிரக்கணக்கானோரிடம்.

இவர்கள் ஒவ்வொருவரும் ஆலையிடம் எதிர்பார்ப்பது வேறுவேறு. சிறு முதலீட்டாளருக்கு டிவிடெண்டும் பங்கின் விலையும். தாய் நிறுவனத்துக்குத் தன் பங்க்குகளுக்கு இடையறாமல் பெட்ரோல், டீசல். மத்திய அரசுக்கு எரிபொருள் பாதுகாப்பும் வரியும். நிரந்தர ஊழியருக்கு ஊதிய ஒப்பந்தமும் ஓய்வுக்காலப் பலன்களும். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அடுத்த மாதமும் கேட் பாஸ் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதே முதல் இலக்கு. ஆலையை விட்டு வெளியேறும் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் இறாலும் நண்டும் பிடிப்பவருக்கு ஆலையிடமிருந்து எதுவுமே வேண்டாம், தன் ஆற்றில் அது எதையும் விடாமல் இருந்தால் போதும். முதல் ஐவரும் ஆலையிலிருந்து ஏதோ ஒன்றைப் பெறுகிறவர்கள். ஆறாமவர் ஆலையிடம் தன்னிடம் இருப்பதை இழக்காமல் இருக்கப் பார்ப்பவர். வணிகப் பாடப்புத்தகங்கள் எல்லோரையும் ஒரே வட்டத்துக்குள் எழுதி, நிர்வாகம் இவர்களுக்கிடையே சமநிலை காண வேண்டும் என்று முடித்துவிடும். நடைமுறையில் ஐந்து பேருக்கு நிர்வாகத்தின் கதவைத் தட்ட ஒரு வழி உண்டு: வாக்கு, ஒப்பந்தம், சட்டம், சங்கம், குறைந்தபட்சம் மேஸ்திரி. ஆறாமவருக்கு இருப்பது சாலை மறியல்.

மிக்ஜாம் வெள்ளத்தின்போது நடந்ததை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். மணலியிலிருந்து எண்ணெய் கலந்த நீர் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, முகத்துவாரம் தாண்டிக் கடலில் காசிமேடு பக்கம்வரை பரவியது. தன் குழாய்களில் கசிவு இல்லை என்று நிறுவனம் சொன்னது. ஆலை வளாகத்தின் மழைநீர் மேலாண்மைக் குறைபாடே காரணம் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. சட்டப் பொறுப்பு எவ்வளவு என்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பார்த்துக்கொள்ளும். நிர்வாகப் பார்வையில் கேள்வி இன்னும் எளிது. மழைநீரை எண்ணெயிலிருந்து பிரித்துத் தேக்கும் ஏற்பாட்டுக்கு எவ்வளவு செலவிடலாம் என்ற முடிவு எங்கோ ஒரு கூட்டத்தில் எடுக்கப்பட்டிருக்கும். அந்தச் செலவு கூடினால் யாருடைய கணக்கில் குறையும், குறைந்தால் யாருடைய ஆற்றில் கூடும் என்று கேட்க அங்கே ஆள் இருந்திருக்காது.

┌─────────────
பெட்டி 1: டிசம்பர் 2023, எண்களில்

• எண்ணெய்க் கசிவுக்குத் தமிழக அரசு அறிவித்த நிவாரணம்: 9,001 குடும்பங்களுக்கு 8.68 கோடி ரூபாய்.
• அதிகம் பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய்.
• அதே 2023-24 நிதியாண்டில் சி.பி.சி.எல். லாபம்: சுமார் 2,700 கோடி ரூபாய். 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்குக்கு டிவிடெண்ட்: 55 ரூபாய்.
• கணக்கு: 228 பங்குகள் வைத்திருந்த ஒருவருக்கு அந்த ஆண்டு கிடைத்த டிவிடெண்ட் 12,540 ரூபாய். ஆற்றை இழந்த குடும்பத்துக்குக் கிடைத்ததைவிட 40 ரூபாய் அதிகம்.
• அமோனியாக் கசிவுக்கு உர ஆலைமீது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பரிந்துரைத்த சுற்றுச்சூழல் இழப்பீடு: 5.92 கோடி ரூபாய்.
└─────────────

சட்டம் சொன்னது ஒன்று, செய்தது ஒன்று

நிறுவனம் யாருக்காக என்ற சண்டை உலகம் முழுக்க அரை நூற்றாண்டாக நடக்கிறது. லாபத்தைப் பெருக்குவதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று 1970-ல் எழுதினார் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன். பங்குதாரர் மட்டுமல்ல, நிறுவனத்தால் பாதிக்கப்படும் எல்லோருமே கணக்கில் வர வேண்டும் என்று 1984-ல் புத்தகம் போட்டார் எட்வர்ட் ஃப்ரீமன். 2019-ல் அமெரிக்காவின் 181 பெருநிறுவனத் தலைவர்கள், இனி வாடிக்கையாளர், ஊழியர், சுற்றியுள்ள சமூகம் எல்லோருக்காகவும் நிறுவனம் நடத்துவோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். இந்தியா இந்த விவாதத்தில் அவர்களுக்கெல்லாம் முன்னால் நிற்கிறது, காகிதத்தில். நம் நிறுவனங்கள் சட்டம் 2013-ன் 166-வது பிரிவு, இயக்குநர் நிறுவனத்துக்கும் அதன் ஊழியருக்கும் பங்குதாரருக்கும் சமூகத்துக்கும் நலம் தரும்படியும், சுற்றுச்சூழலைக் காக்கும்படியும் நடக்க வேண்டும் என்று கடமையாகவே விதிக்கிறது.

இதே சட்டத்தின் இன்னொரு பக்கத்தைப் புரட்டினால் உள்ளது உள்ளபடி தெரியும். 178-வது பிரிவின்படி, ஆயிரம் பேருக்கு மேல் பங்கோ கடன்பத்திரமோ வைப்புத்தொகையோ வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் ‘ஸ்டேக்ஹோல்டர்ஸ் ரிலேஷன்ஷிப் கமிட்டி’ அமைக்க வேண்டும். பெயரைப் பார்த்தால் நெட்டுக்குப்பத்து மீனவர்கூட மனு கொடுக்கலாம் போலிருக்கும். கொடுக்க முடியாது. பங்குப் பத்திரம், கடன்பத்திரம் போன்றவற்றை வைத்திருப்பவர்களின் குறைகளை மட்டுமே அது விசாரிக்கும். டிவிடெண்ட் வந்து சேரவில்லை, பங்குப் பரிமாற்றம் தாமதமாகிறது, ஆண்டறிக்கை கைக்கு வரவில்லை என்ற வகைக் குறைகள். சமூகம் என்ற சொல்லைக் கடமைப் பட்டியலில் சேர்த்த சட்டம், குறைகேட்கும் அறைக்கு வெளியே அதை நிறுத்திவிட்டது. கடமையை எழுதிவிட்டு அதைக் கேட்டு வாங்கும் உரிமையை எழுதாமல் விட்டால், கடமை நல்லெண்ணமாகச் சுருங்கிப்போகும்.

இங்கே தமிழ் நமக்கு ஒரு உதவி செய்கிறது. ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்ற சொல்லுக்கு இன்னும் நிலையான தமிழ்ச் சொல் இல்லை. பத்திரிகைகள் அதையும் ‘பங்குதாரர்’ என்றே எழுதிக் குழப்புகின்றன. ஊர் வழக்கில் இதைவிடத் துல்லியமான சொல் இருக்கிறது: பங்காளி. பங்காளிக்குச் சொத்தில் பாத்தியதை உண்டு. அந்த வீட்டில் சாவு விழுந்தால் தீட்டும் உண்டு. இரண்டும் சேர்ந்துதான் பங்காளி முறை. எண்ணூர்க் குப்பங்களுக்கும் சுற்றியுள்ள ஆலைகளுக்கும் இருக்கும் உறவில் இரண்டாவது பாதி மட்டும் முறையாக நடந்துவருகிறது.

ஆலை மணியும் பெரம்பூர் சங்கமும்

எந்த நலனுக்கு நிறுவனம் செவிகொடுக்கும் என்பதை நிறுவனத்தின் மனசாட்சி தீர்மானித்ததில்லை. இதற்குச் சான்று தேட வெளிநாடு போக வேண்டாம், எண்ணூரிலிருந்து பெரம்பூர்வரை வந்தால் போதும். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளில் வேலை செய்தவர்கள் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகியோர் முன்நின்றார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. அவர்களுடைய தொடக்ககாலக் கோரிக்கைகளில் ஒன்று மதிய உணவு இடைவேளையைச் சற்று நீட்டுங்கள் என்பது. சோறு தின்ன அவகாசம் என்பதுகூட அன்று ஆலையின் இலக்குகளுக்கு எதிரான கோரிக்கை.

நிர்வாகம் சங்கத்தை அங்கீகரிக்கவில்லை. தலைவர்கள் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது, தடையாணையும் பெற்றது. ஆலைக்கும் தொழிலாளிக்கும் இடையே மூன்றாம் நபர் தலையிட்டு ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்பதுதான் குற்றச்சாட்டு. வாடியா இயக்கத்தை விட்டு விலக நேர்ந்தது. 1921-ல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் சாதிக் கலவரமும் துப்பாக்கிச் சூடுமாகச் சிதைந்து தோற்றது. ஆனால் அந்த வழக்கு எழுப்பிய கேள்விதான் 1926-ல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவிட்டது. தொழிலாளி கூட்டமாகச் சேர்ந்து கோரிக்கை வைப்பது குற்றமில்லை என்று சட்டம் சொன்ன பிறகுதான், தொழிலாளியின் இலக்கு என்ற ஒன்று நிர்வாகத்தின் கணக்கில் ஒரு வரியாக ஏறியது. அதன் பலனை அனுபவித்த வட்டாரம் இதுவே. 1948-ல் எண்ணூரில் தொடங்கி இன்று அசோக் லேலண்டாக நிற்கும் நிறுவனம், திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கி டயருக்கு வந்த எம்.ஆர்.எஃப்., 1955-ல் வந்த என்ஃபீல்டு என்று வரிசையாகக் கிளம்பிய ஆலைகளில் போனஸும் சம்பள ஒப்பந்தமும் கேட் மீட்டிங்கும் அன்றாடப் பேச்சானது இந்தச் சட்டத்தின் நிழலில்தான்.

ஜெர்மனி இன்னும் ஒரு படி ஏறியது. இரண்டாயிரத்துக்கு மேல் ஊழியர் உள்ள நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் ஊழியர் தரப்புக்கு என்று 1976-ல் சட்டம் போட்டது. ஜெர்மன் தொழில்துறை அதனால் மூழ்கிவிடவில்லை. நம்மிடமும் ஒரு சின்ன உதாரணம் உண்டு. 2021-ம் ஆண்டின் பெருந்துறைமுக அதிகாரச் சட்டப்படி சென்னைத் துறைமுக வாரியத்தில் ஊழியர் தரப்புக்கு இரண்டு இடம் இருக்கிறது. ரயில்வேக்கு, பாதுகாப்புத் துறைக்கு, சுங்கத்துக்கு, மாநில அரசுக்கு இடம் இருக்கிறது. துறைமுகம் தோன்றும் முன்பே அதே கரையில் கட்டுமரம் தள்ளியவர்களுக்கு இல்லை. ஆலையின் சுற்றுப்புறத்தில் வாழ்பவர் இன்று நிற்கும் இடம், 1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளி நின்ற அதே இடம்: பாதிப்பு உண்டு, பேச்சில் இடம் இல்லை, பேசினால் ‘வெளியாள் தூண்டிவிட்டார்’ என்ற பட்டம்.

ராயபுரத்துத் தூசி போன இடம்

பேச இடமிருப்பவருக்கும் இல்லாதவருக்கும் என்ன வித்தியாசம் என்பதற்கு நிலக்கரி சாட்சி. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியும் இரும்புத் தாதுவும் ராயபுரம், தண்டையார்பேட்டை வீடுகளின் ஜன்னலிலும் கொடியில் காயும் துணியிலும் கறுப்பாகவும் சிவப்பாகவும் படிந்துகொண்டிருந்தன. வழக்கு நடந்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சரக்குகளைக் கையாள்வதை அக்டோபர் முதல் நிறுத்தி எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்றச் சொன்னது. ராயபுரம் மூச்சு விட்டது. சென்னைத் துறைமுகம் வருமானத்தில் ஒரு பெரும் பங்கை இழந்தது, துறைமுகத் தொழிலாளர்கள் வேலை குறையும் என்று அஞ்சினார்கள். அவர்கள் அச்சத்திலும் நியாயம் இருந்தது.

ஆனால் தூசி மறையவில்லை, முகவரி மாற்றிக்கொண்டது. 2001-ல் அனல் மின் நிலையங்களுக்கான நிலக்கரித் துறைமுகமாகவே திறக்கப்பட்டு, பின்னர் காமராஜர் பெயர் பெற்ற எண்ணூர்த் துறைமுகத்தைச் சுற்றி இன்று வடசென்னை அனல் மின் நிலையமும் வல்லூர் மின் நிலையமும் நிற்கின்றன. சென்னை நகரத்து ஏசிக்கும் அம்பத்தூர்ப் பட்டறைக்கும் ஓசூர் ஆலைக்கும் மின்சாரம் வேண்டும் என்ற இலக்கு நியாயமானது. அந்த மின்சாரத்தின் மிச்சமான சாம்பல், குழாய் உடைப்புகளின் வழியாக ஆண்டுக்கணக்கில் கொசஸ்தலையில் இறங்கி ஆற்றின் ஆழத்தைத் தின்றதுதான் நியாயமற்றது. ஆள் மூழ்கும் ஆழமிருந்த இடங்களில் படகு தரை தட்டுகிறது என்றால், இறாலுக்கு ஒதுங்க இடமில்லை என்று பொருள். இந்த மின்சாரத்தின் விலையில் ஒரு பகுதியை யூனிட் கணக்கில் நுகர்வோர் கட்டுகிறார். இன்னொரு பகுதியைக் காட்டுக்குப்பத்துக்காரர் வலையில் விழாத மீனாகக் கட்டுகிறார். அவர் கட்டுவதற்கு ரசீது கிடையாது.

┌─────────────
பெட்டி 2: ஆற்றைச் சுற்றி

• வடசென்னை அனல் மின் நிலையம்: முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200, 2024-ல் தொடங்கிவைக்கப்பட்ட மூன்றாம் நிலை 800.
• வல்லூர்: 1,500 மெகாவாட். என்.டி.பி.சி.யும் தமிழ்நாடு மின்வாரியமும் சரிபாதிக் கூட்டு.
• பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் (450 மெகாவாட்) 2017-ல் மூடப்பட்டது.
• 2017 ஜனவரி 28: காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய்க் கசிவு. அப்போதும் தன்னார்வலர்கள் வாளியால்தான் அள்ளினார்கள்.
• காட்டுப்பள்ளித் துறைமுகம்: எல் அண்ட் டி கட்டியது, 2018-ல் அதானி குழுமம் வாங்கியது. 330 ஏக்கரை 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடக்கவில்லை.
└─────────────

‘வேலை வேண்டாமா?’

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு எப்போதும் ஒன்றுதான்: ஆலை இல்லாவிட்டால் வேலை ஏது? வலுவான மறுப்பு, ஒதுக்கிவிட முடியாது. அசோக் லேலண்டும் எம்.ஆர்.எஃப்.பும் இல்லாத திருவொற்றியூரை யாரும் கற்பனை செய்ய முடியாது. மூன்று தலைமுறை ஷிப்டு சைரனைக் கேட்டு எழுந்த ஊர் அது. அமோனியாக் கசிவுக்குப் பின் உர ஆலை மூடிக் கிடந்தபோது அங்கே வேலை செய்தவர்களின் வீடுகளிலும் அடுப்பு திணறியிருக்கும், உரத்துக்காகக் காத்திருந்த விவசாயிக்கும் அது நஷ்டம். ஆகவே ஆலை வேண்டுமா, ஆறு வேண்டுமா என்று கேட்பவர்கள் கேள்வியையே கோணலாக வைக்கிறார்கள். அந்த உர ஆலையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2024-ல் நிபந்தனைகளோடு திறக்க அனுமதித்தது. கடலடிக் குழாயை மாற்றுவதும், கசிவை உடனே கண்டறிந்து எச்சரிக்கும் ஏற்பாடும் நிபுணர் குழு சொன்னவற்றில் முக்கியமானவை. இவற்றில் எதுவும் ஆலையை நடத்த முடியாமல் செய்யவில்லை. கசிவுக்கு முன்பே செய்திருக்கக்கூடிய வேலைகள்தான் அவை. வேலையும் பாதுகாப்பும் ஒன்றையொன்று தின்னும் என்ற அச்சம், பாதுகாப்புக்கு யார் பணம் போடுவது என்ற கேள்வியைத் தள்ளிப்போடவே பெரும்பாலும் பயன்படுகிறது. தவிர, இன்று இந்த வட்டாரத்தில் கிடைக்கும் வேலையில் பெரும்பகுதி காண்ட்ராக்ட். ஆலையின் அபாயத்தை உள்ளே ஷிப்டில் ஏற்றுக்கொள்பவரும் வெளியே வீட்டில் ஏற்றுக்கொள்பவரும் பல நேரங்களில் ஒரே குடும்பம்.

இரண்டாவது மறுப்பு: பொதுத்துறை லாபம் நாட்டுக்குத்தானே போகிறது? போகிறது. பொதுநலன் என்ற பெயரில் ஒரு நாடே பெறுவதற்கான செலவை எட்டுக் குப்பங்கள் தலையில் கட்டுவது எந்தப் பொதுநலன் என்பதுதான் பதில் கேள்வி. இங்கே அரசு பல வேடத்தில் நிற்கிறது. மத்திய அரசு எண்ணெய் நிறுவனத்தின் உரிமையாளர். மாநில அரசு மின்நிலையத்தின் உரிமையாளர். அதே மாநில அரசின் வாரியம் மாசுக்குக் காவலர். நிவாரணம் அறிவிப்பதும் அதே அரசு. முதலாளியும் ஆய்வாளரும் நாட்டாமையும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கும்போது, பாதிக்கப்பட்டவர் தரப்பில் தனியாக ஒருவர் இருந்தாக வேண்டிய தேவை தனியார் ஆலையைவிட இங்கேதான் அதிகம்.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது: மீனவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லையே, யாரைக் கூப்பிட்டுப் பேசுவது? உண்மைதான். ஆற்றில் இறால் பிடிப்பவருக்கு சாம்பலை அள்ளி ஆழப்படுத்த வேண்டும். கடலுக்குப் போகிறவருக்கு முகத்துவாரம் தூர்ந்துபோகாமல் திறந்திருக்க வேண்டும். படித்த பிள்ளைக்குத் துறைமுகத்தில் நிரந்தர வேலை வேண்டும். கூடையோடு தெருவில் இறங்கும் பெண்ணுக்கு ‘எண்ணூர் மீனா?’ என்று வாடிக்கையாளர் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். ஆனால் பங்குதாரர்கள் மட்டும் ஒரே குரலிலா பேசுகிறார்கள்? காலையில் வாங்கி மாலையில் விற்பவருக்கும், பேரன் படிப்புக்காக இருபது வருடம் வைத்திருப்பவருக்கும் ஒரே நிறுவனத்திடம் எதிரெதிர் ஆசைகள். அதற்காக அவர்களைக் கேட்காமல் விடவில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டம், வாக்குரிமை, தீர்மானம் என்று முரண்பாட்டைத் தீர்க்க ஒரு முறையைச் சட்டம் செய்துகொடுத்தது. முரண்படுவது பேச்சிலிருந்து விலக்கக் காரணமாகாது, பேச ஒரு முறை வேண்டும் என்பதற்கே காரணமாகும். குப்பங்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்து என்ற பழைய ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. பெண்களையும் ஆற்றுத் தொழிலாளரையும் சேர்த்து அதை அகலப்படுத்த வேண்டும், அவ்வளவே.

நான்காவது: சி.எஸ்.ஆர். இருக்கிறதே! மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பணிக்கு என்று சட்டம் விதிக்கிறது. பள்ளிக்குக் கழிப்பறை, மருத்துவ முகாம், தையல் இயந்திரம் எல்லாம் வரவேற்க வேண்டியவைதான். ஆனால் சி.எஸ்.ஆர். லாபம் வந்த பிறகு கொடுப்பது. குப்பத்துக்காரர் கேட்பது லாபம் வரும் வழியைப் பற்றி. வலது கையால் தையல் இயந்திரம் கொடுத்துவிட்டு இடது கையால் ஆற்றை எடுத்துக்கொண்டால், கணக்கு இன்னும் பாக்கி.

தூத்துக்குடி எச்சரிக்கை

பேச்சில் இடம் கொடுக்காததன் விலையை நிறுவனங்களும் கொடுத்திருக்கின்றன. ஆண்டுக்கு நான்கு லட்சம் டன் தாமிரம் உருக்கிய தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை, சட்டப்படி எல்லா அனுமதியும் உண்டு என்று சொல்லிக்கொண்டே இருபதாண்டுப் புகாரைக் கடந்துவந்தது. 2018 மே 22-ல் போராட்டத்தின் நூறாவது நாளில் துப்பாக்கிச் சூடு, 13 பேர் சாவு. ஆறு நாளில் ஆலைக்குப் பூட்டு. 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றமும் திறக்க மறுத்தது. உயிர்கள் போயின, திரும்ப வராது. அதோடு முதலீட்டாளரின் இலக்கு, ஊழியரின் வேலை, லாரி உரிமையாளரின் தவணை, நாட்டின் தாமிர ஏற்றுமதி எல்லாம் ஒரே பூட்டில் மாட்டிக்கொண்டன. அண்டை வீட்டாரின் குறையைக் கேட்க ஒரு வழி பத்து வருடம் முன்பே உருப்படியாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மௌனத்தைச் சம்மதமாகக் கணக்கிட்ட நிர்வாகம், தன் பங்குதாரரையும் காப்பாற்றவில்லை என்பது மட்டும் நிச்சயம். எண்ணூரில் அமோனியாக் கசிவுக்குப் பின் நூறு நாளைத் தாண்டி நடந்த போராட்டத்தை அந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்.

┌─────────────
பெட்டி 3: பெரிய ஆலைக்குப் பெரிய பொறுப்பு

1985 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்தது. போபாலுக்கு ஓராண்டு கழித்து நடந்தது அது. அந்த வழக்கில் 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பி.என்.பகவதி அமர்வு சொன்ன கோட்பாடு: அபாயகரமான தொழில் நடத்துபவர், தவறு யாருடையதானாலும், விதிவிலக்கின்றி முழுப் பொறுப்பு. இழப்பீடு நிறுவனத்தின் அளவுக்கும் வசதிக்கும் ஏற்ப இருக்க வேண்டும். அப்போதுதான் அது மற்றவரையும் எச்சரிக்கும்.
└─────────────

இலக்கை எழுதும் இடத்திலேயே

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, வரிசையை மாற்றுவது. பொதுத்துறை நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் இலக்கு ஒப்பந்தம் போடப்படுகிறது. வருவாய் எவ்வளவு, லாபம் எவ்வளவு, புதிய முதலீடு எவ்வளவு என்று மதிப்பெண் ஒதுக்கி, அதை வைத்தே நிர்வாகிகளின் ஊக்கத்தொகையும் கணக்கிடப்படுகிறது. அந்தத் தாளில் ‘வளாகத்துக்கு வெளியே போன கழிவு’ என்று கனமான மதிப்பெண்ணோடு ஒரு வரி சேர்ந்தால், மழைநீர்க் கால்வாயின் தூர் தானாக எடுக்கப்படும். அளக்கப்படுவதைத்தான் நிர்வாகம் கவனிக்கும். இது தனியார் நிறுவனத்துக்கும் பொருந்தும்.

இரண்டாவது, அந்த 178-வது பிரிவுக் குழுவின் கதவைத் திறப்பது. பங்கு வைத்திருப்பவரின் குறையோடு, ஆலையின் அபாய எல்லைக்குள் வசிப்பவரின் குறையையும் அது விசாரிக்க வேண்டும், விசாரித்ததை ஆண்டறிக்கையில் எழுத வேண்டும். சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இயக்குநர் குழு தானாகவே இதைச் செய்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. திட்டம் தொடங்கும்போது ஒரே ஒருமுறை நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில், போலீஸ் பந்தோபஸ்துக்கு நடுவே மைக்கைப் பிடுங்கிப் பேசுவதைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசுவது எல்லோருக்கும் மலிவு.

மூன்றாவது, இழப்பீட்டுக் கணக்கு. 12,500 ரூபாய் என்ற தொகை எந்த மீன்வரத்துக் கணக்கிலிருந்து வந்தது? மார்கழியில் ஆற்றில் இறால் வரத்து எவ்வளவு, ஒரு படகின் ஒரு பருவ வருமானம் எவ்வளவு, எண்ணெய் ஊறிய வலையின் விலை எவ்வளவு, வாங்க ஆளில்லாமல் போன வாரங்களில் மீன் விற்கும் பெண்ணுக்கு இழப்பு எவ்வளவு என்பதை விபத்துக்கு முன்பே கணக்கெடுத்து வைக்கலாம். அந்தத் தொகையை நிறுவனம் முன்கூட்டியே வைப்பு வைக்கலாம். ஆலைக் கட்டடத்துக்குக் காப்பீடு உண்டு, இயந்திரத்துக்கு உண்டு. ஆற்றுக்கும் உண்டு என்றாகட்டும். அப்போது நிவாரணம் கருணையாக இராது, கணக்காக இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் நாளாகும். நாளையே செய்யக்கூடியது ஒன்று உண்டு, செலவும் அதிகம் இல்லை. அமோனியா ஏற்றிய கப்பல் எந்தத் தேதி வருகிறது, குழாய் எப்போது குளிரூட்டப்படுகிறது, கடைசியாக அந்தக் குழாய் எப்போது சோதிக்கப்பட்டது, சைரன் ஒலித்தால் காற்று எந்தப் பக்கம் வீசும்போது எந்தத் தெருவழியே வெளியேற வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி ஒரு பலகையில் மாட்டுவது. கப்பல் வரும் நாள் துறைமுகத்துக்குத் தெரியும், ஆலைக்குத் தெரியும், சுங்கத்துக்குத் தெரியும், சரக்கு ஏஜென்டுக்குத் தெரியும். பெரியகுப்பத்துக்கும் தெரிந்துவிட்டால் யாருடைய லாபமும் ஒரு ரூபாய்கூடக் குறையப்போவதில்லை. அந்தப் பலகையை ஆலையின் கேட்டில் மாட்டுகிறார்களா, குப்பத்தின் நடுவில் மாட்டுகிறார்களா என்று பார்த்தால் போதும். யாரைப் பங்காளியாக நினைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.